ஆசகேல் ப்ரூயிட்டின் இடது கால்

எட்டு வருஷம் படையில் இருந்துவிட்டு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பியவன் ஆசகேல் ப்ரூயிட். இங்கிலாந்து ராஜாவின் சிவப்புச் சட்டைக்காரர்கள் சுட்ட குண்டு அவன் தொப்பியில் பட்டிருக்கிறது, தோளில் தொங்கிய தண்ணீர்க் குடுக்கையைத் துளைத்திருக்கிறது, முன்னால் நின்றவனையும் பின்னால் நின்றவனையும் கொண்டுபோயிருக்கிறது. அவனை மட்டும் தொடவில்லை. அப்படிப்பட்டவனின் இடது கால், சண்டையெல்லாம் ஓய்ந்து எத்தனையோ வருஷம் கழித்து, ஓஹையோ காட்டில் அவனுடைய சொந்த நிலத்தில் போயிற்று. படையில் இருந்ததற்காகச் சர்க்கார் கொடுத்த நிலம் அது. அங்கே குடிவந்து, காடு திருத்தத் தொடங்கிய முதல் வசந்த காலம்.

அவன் மனைவி கெசயா அப்போது மரவீட்டு வாசலில் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். மரம் விழுகிற சத்தம் கேட்டது. அது தினமும் கேட்கிற சத்தம்தான். அதற்குப் பின்னால் ஆசகேல் பக்கத்து நிலத்துப் பெலெக் ஹாட்சைத் திட்டுகிற குரல் கேட்டது. அதுவும் தினமும் கேட்கிறதுதான். ஆனால் திட்டு பாதியில் நின்றுவிட்டது. ஆசகேல் திட்டைப் பாதியில் நிறுத்துகிறவன் இல்லை. கெசயா உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஹாட்ச் வெட்டிய ஓக் மரம் ஆசகேலின் முழங்காலுக்குக் கீழே குறுக்கே கிடந்தது. ஹாட்ச் கோடாலியோடு நின்று, மரம் விழுந்திருக்கவேண்டிய திசையை இன்னமும் கையால் காட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம்தான் விழும்னு சொன்னேன். எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றான்.

வைத்தியர் என்று ஒருவரைப் பார்க்கவேண்டுமானால் படகில் ஆற்றோடு பல நாள் போகவேண்டும். குடியிருப்பில் எலும்பு சேர்ப்பதும், பிள்ளைப்பேறு பார்ப்பதும், பல் பிடுங்குவதும் ஹாட்சின் அக்கா தேங்க்ஃபுல்தான். விதவை. ஆறடி உயரம், வாயில் எந்நேரமும் புகைகிற சுங்கான். பெயரில் நன்றி இருக்கிற அளவுக்கு ஆளிடம் இல்லை என்பது கெசயாவின் கட்சி. அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. இரண்டு குடும்பமும் கனெக்டிகட்டில் ஒரே ஊர். ஆசகேல் படைக்குப் போகுமுன், ஆப்பிள் உரிக்கிற விழாவன்று ஒரு களஞ்சியத்தில் விடியவிடிய தேங்க்ஃபுல்லோடு ஆடியிருக்கிறான். கல்யாணமாகி நாலாம் வருஷம், ஆப்பிள் கள் உள்ளே போன ஒரு நாளில் அவனே இதை உளறிவிட்டான். அதிலிருந்து கெசயா ஆப்பிள் கள் போடுவதையே விட்டுவிட்டாள்.

தேங்க்ஃபுல் பன்றி அறுக்கிற ரம்பத்தோடு வந்தாள். காலைப் பார்த்தாள். சுங்கானை வாயிலிருந்து எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள்.

"இது தங்காது. கெசயா, நீ தோளைப் பிடிச்சுக்கோ. கண்ணை மூடாதே. மூடினா நீயும் சாய்ஞ்சுடுவே, அப்புறம் உன்னையும் நான்தான் பாக்கணும்."

கெசயா கண்ணை மூடவில்லை. இவள் முன்னால் சாய்வதைவிடச் செத்துப்போகலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வேலை நன்றாகவே முடிந்தது. சாயங்காலம் ஆசகேல் கட்டிலில் வெளிறிப்போய்க் கிடந்தான். கால் துணி துவைக்கிற தொட்டியில், கெசயாவின் ஏப்ரன் துணியால் மூடிக் கிடந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஓடையில விட்டுரலாம்" என்றான் ஹாட்ச்.

"அந்தத் தண்ணியத்தானே மாமா எல்லாரும் குடிக்கிறோம்" என்றாள் மகள் ஜெரூஷா.

"அப்போ கட்டையெல்லாம் எரியுதுல்ல, அதோட சேத்து..."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "யோவ் பெலெக்! எட்டு வருஷம் நடந்த கால்யா அது. நீ ரொட்டி வண்டி மேல உக்காந்து போனப்ப, பக்கத்துல சேத்துல நடந்து வந்த கால். அதைக் குப்பையோட கொளுத்துவியா?"

ரொட்டி வண்டி என்ற பேச்சை எடுத்தால் ஹாட்ச் அடங்கிவிடுவான். சண்டைக் காலம் முழுக்க அவன் ஓட்டியது அதைத்தான். இப்போது குடியிருப்புப் படைக்குக் கேப்டன்.

"பின்ன என்னதான்யா பண்ணணும்ங்கிறே?"

"பெட்டி செய்யணும். தம்பட்டம் அடிக்கணும். போதகர் வந்து வாசிக்கணும். துப்பாக்கி சுட்டு, மரியாதையா அடக்கம் பண்ணணும். ஒரு சிப்பாய்க்கு என்ன உண்டோ அது."

காய்ச்சலில் பேசுகிறான் என்று கெசயா நினைத்தாள். காய்ச்சல் இறங்கியது, பேச்சு இறங்கவில்லை. போதகர் ஆர்ம்ஸ்பியோ குதிரையில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். அவர் வந்துசேர இன்னும் பல நாள் ஆகும். அதுவரை கால் தாங்கவேண்டுமே! வேறு வழியில்லாமல் கெசயா வீட்டிலிருந்த உப்புப் பீப்பாயைத் திறந்தாள். வருகிற குளிர்காலத்துப் பன்றி இறைச்சிக்கென்று மலை தாண்டிக் கொண்டுவந்த உப்பு அது. அத்தனையும் காலுக்குப் போயிற்று.

"நல்லா ஊறட்டும்" என்றாள் எரிச்சலோடு. "இந்த வருஷம் நாம உப்பில்லாம திங்கலாம்."

போதகர் வந்தார். நல்ல மனிதர். அடக்கம் என்று சொன்னதும் கறுப்பு அங்கியை உதறிப் போட்டுக்கொண்டார். யார் போனது என்று கேட்டார். சொன்னார்கள். அங்கியின் பொத்தான்களை மறுபடி ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"சகோதரரே, எதை வாசிக்கிறது? 'நம்மை விட்டுப் பிரிந்துபோன சகோதரன்'னு இருக்கு. பிரிந்துபோன சகோதரன் அந்தக் கட்டையில உக்காந்து புகையிலை மெல்றாரே?"

"பிரிந்துபோன சகோதரனில் ஒரு பகுதின்னு வாசிங்க ஐயா" என்றான் ஆசகேல்.

"ஞானஸ்நானம் வாங்கினதா?"

"எது?"

"இந்தக் கால்."

"நான் வாங்கினேனே. குழந்தையா இருந்தப்ப தலையில தண்ணி தெளிச்சாங்க."

"தலையிலதானே? கால்ல தெளிச்சாங்களா?"

ஆசகேல் புகையிலையைத் துப்பினான். "அப்போ கழுத்துக்குக் கீழே நான் அஞ்ஞானியா ஐயா?"

போதகர் இதற்கு நெடுநேரம் யோசித்தார். கடைசியில், சிக்கலான வார்த்தைகளை விழுங்கிவிட்டு மீதியை வாசிப்பதாக ஒப்புக்கொண்டார். ஓடைக்கு மேலே இருந்த மேட்டில், அத்தனை பள்ளத்தாக்கும் தெரிகிற இடத்தில் குழி வெட்டினார்கள். குடியிருப்பில் அதுவரை யாரும் சாகவில்லை; அதுதான் முதல் குழி. ஹாட்ச் தன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, வாளை உருவிக் கட்டளை கொடுத்தான். தம்பட்டம் முழங்கியது. துப்பாக்கிகள் வெடித்தன. ஒரு குண்டு தப்பிப்போய் மரத்திலிருந்த வான்கோழியைக் கீழே தள்ளியது. அது அடக்க விருந்துக்கு ஆயிற்று. உப்பில்லாமல்தான்.

அன்று கட்டையில் உட்கார்ந்திருந்த கணவனின் முகத்தைக் கெசயா பார்த்தாள். புகையிலை மெல்லுகிற வாய் நின்றுபோயிருந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காலை இழந்தவனுக்கு அழுகை வரும்தான். ஆனால் வெட்டும்போதுகூட அவன் இப்படி அழவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்கு முன்னால போய் இடம் பிடிச்சு வைக்குது" என்றான் ஆசகேல், எல்லோரும் போன பிறகு. "மிச்சம் இருக்கிற நான் அங்க வந்து சேருவேன். வலப்பக்கம் உனக்கு."

இடப்பக்கம் சரிவு, ஓடைக்குள் இறங்கிவிடும். ஆக அந்த ஒரு பக்கம்தான் உண்டு. கெசயாவுக்கு மனசுக்குள் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. பார்வையான இடம்.

அதற்கப்புறம் தொடங்கியது வேறொரு கூத்து.

"சுண்டு விரல் மடங்கியிருக்கு" என்றான் ஆசகேல் ஒரு நாள் காலையில்.

கெசயா வலது காலைப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு."

"இது இல்லை. அங்க இருக்கிறது."

தேங்க்ஃபுல்லைக் கேட்டதற்கு அவள் சிரிக்கவில்லை. "பெட்டி சின்னது. கால் வளைஞ்சு கிடந்தா ஆளுக்கு நிம்மதி இருக்காது. தோண்டி நேரா வச்சிடு" என்றாள். தோண்டினார்கள். சுண்டு விரல் மடங்கித்தான் இருந்தது. கெசயா அதை நீவி நேராக்கினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆசகேல் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு மழை நாளில் கால் குளிர்கிறது என்றான். கெசயா முனகிக்கொண்டே ஒற்றைக் காலுறை பின்னி, தோண்டிப் போட்டுவிட்டு வந்தாள். அப்புறம் ஏதோ ஊர்கிறது என்றான். தோண்டினால் எறும்பு.

"வலது காலுக்கு ஒரு காலுறை கேட்டு எத்தனை நாளாச்சு" என்று அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

"அது உயிரோட இருக்குல்ல, பொறுத்துக்கும்" என்றாள் கெசயா.

இலையுதிர் காலம் வந்ததும் உப்பு இல்லாத குறை பெரிதாகிவிட்டது. பன்றிகள் கொழுத்து நின்றன. வெட்டினால் வைக்க வழியில்லை. ஆசகேல், கெசயா, ஜெரூஷா மூவரும் எருது வண்டியில் கொப்பரையை ஏற்றிக்கொண்டு உப்பு ஊற்றுக்குப் போனார்கள். ஊற்று நீரைக் காய்ச்சிக் காய்ச்சி உப்பு எடுக்கிற வேலை; நாள் பிடிக்கும். பக்கத்தில் டெலாவேர் என்ற செவ்விந்திய இனத்துக் குடும்பம் ஒன்றும் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஆதி நாளிலிருந்தே அவர்களுடைய ஊற்று அது. அந்த வீட்டுப் பெரியவருக்கு இவர்கள் பாஷை நன்றாகவே தெரியும். ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, கால் எங்கே என்று கேட்டார். ஆசகேல் பெட்டி, தம்பட்டம், துப்பாக்கி எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொன்னான். பெரியவர் முகம் மாறாமல் கேட்டார்.

"உங்க ஆட்கள்ல ஒரு காலுக்கே இவ்வளவு நிலம் வேணுமா?" என்றார்.

ஆசகேல் குனிந்து கொப்பரைக்கு அடியில் விறகைத் தள்ளினான். வேண்டிய உப்பு சேர்ந்ததும் வண்டியைத் திருப்பினார்கள்.

ஊருக்குள் நுழையும்போதே மேட்டில் புதிதாக ஒரு மண்குவியல் தெரிந்தது. கெசயா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இலையுதிர் காலத்துக் குளிர்காய்ச்சல் தேங்க்ஃபுல்லைக் கொண்டுபோயிருந்தது. ஊருக்கே மருந்து கொடுத்தவளுக்கு மருந்து கொடுக்க ஆள் இல்லை. கெசயாவுக்கு அந்த ரம்பமும், நடுங்காத அந்தக் கையும் நினைவுக்கு வந்தன. 'என்ன இருந்தாலும் நல்ல மனுஷி' என்று நினைத்துக்கொண்டே மேட்டில் ஏறினாள். ஏறி முடித்ததும் அப்படி நினைப்பதை நிறுத்திவிட்டாள்.

தேங்க்ஃபுல்லைக் காலுக்கு வலப்பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அவள் நேராக ஹாட்சின் வீட்டுக்குப் போனாள். அவன் சோகத்தோடு சோளக்கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"பெலெக், உங்க அக்கா போனது எனக்கும் வருத்தம்தான். ஆனா அது என் இடம்."

"எது?"

"என் வீட்டுக்காரர் பக்கத்துல."

"உன் வீட்டுக்காரர் வண்டியில உக்காந்திருக்காரே?"

"கால் பக்கத்துலய்யா!"

"கல்லறைத் தோட்டம்னா வரிசையாத்தானே வைப்பாங்க. அடுத்த இடம் அது. வச்சேன்" என்றான் ஹாட்ச். "செத்தவங்களைத் தோண்டறது மகா பாவம். வேணும்னா உங்க காலை எடுத்துக்கோ. அதுக்குத்தான் தோண்டிப் பழக்கம் இருக்கே."

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பன்றி வெட்டுக்குக்கூட ஒருவரை ஒருவர் கூப்பிடவில்லை. குடியிருப்பு இரண்டாகப் பிரிந்தது. கால் கட்சி ஒன்று, அக்கா கட்சி ஒன்று. கால் கட்சியில் பெரும்பாலும் பெண்கள். போதகர் அடுத்த சுற்று வந்ததும் ஹாட்சின் களஞ்சியத்தில் கூட்டம் போட்டார்கள். உரித்த சோளமட்டை மலைபோல் குவிந்திருந்தது. அதன் மேலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

கெசயா எழுந்தாள். "நான் கேக்கிறது ஒண்ணுதான் ஐயா. கடைசி நாள்ல எக்காளம் ஊதினா எல்லாரும் எழுந்திரிப்பாங்க. என் வீட்டுக்காரர் காலும் எழுந்திரிக்கும். பக்கத்துல பாத்தா யாரு நிப்பா?"

"காலுக்குக் கண்ணா இருக்கு, பாக்கிறதுக்கு?" என்றான் ஹாட்ச். அக்கா கட்சி சிரித்தது.

"உங்க அக்காவுக்கு இருக்குல்ல?"

சிரிப்பு நின்றது. போதகர் தொண்டையைக் கனைத்தார்.

"முதல்ல ஒண்ணு தெளிவாகணும். அந்தக் கால் செத்துப்போச்சா, இல்லையா? செத்துப்போச்சுன்னா சகோதரர் ப்ரூயிட் ஒரு பங்கு செத்துட்டார். 'மரணம் பிரிக்கும் வரை'ன்னு வாக்குக் குடுத்திருக்காங்க. அந்தக் கணக்குல சகோதரி கெசயா ஒரு பங்கு விதவை."

"எந்தப் பங்கு?" என்றாள் கெசயா.

போதகர் அதைக் காதில் வாங்காமல் தொடர்ந்தார். "சாகலை, ஆள் உயிரோட இருக்கிறதால கால் விரல்லகூட நோவு தெரியுதுன்னா, கேப்டன், நீர் உம்ம அக்காவை உயிரோட இருக்கிற, கல்யாணமான ஓர் ஆம்பளை பக்கத்துல படுக்க வச்சிருக்கீர்."

ஹாட்சின் முகம் பீட்ரூட் போலச் சிவந்தது.

"என் அக்கா மானஸ்தி!" என்று கத்தினான்.

"என் கால் மட்டும் என்ன, ஊர் மேயற காலா?" என்று ஆசகேலும் கத்தினான். "அதுபாட்டுக்குத் தனியாக் கிடந்தது. நீ கொண்டுபோய் வச்சே!"

"கனெக்டிகட்ல ஆடின கால்தானே அது? எனக்குத் தெரியாதா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆசகேல் ஊன்றுகோலை ஓங்கினான். ஓங்கியதும் அவனுக்கு நிற்க வழியில்லாமல் போயிற்று. ஹாட்சின் மேல் சரிந்தான். இருவரும் கட்டிப் புரண்டு சோளமட்டைக் குவியலுக்குள் மூழ்கிப்போனார்கள். உள்ளேயிருந்து ரொட்டி வண்டி, ரொட்டி வண்டி என்று மட்டும் கேட்டது. போதகர் பயந்துபோய் ஒரு துதிப்பாட்டை எடுத்துவிட்டார். பெண்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிவதற்குள் இரண்டு பேரும் மட்டையைத் துப்பிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஜெரூஷா எழுந்து நின்றாள். "இடம் யாரோடது? அம்மாவோடது. அம்மாவே சொல்லட்டும்" என்றாள்.

வேறு யாருக்கும் வேறு யோசனை இல்லாததால் அதுவே முடிவாயிற்று.

மறுநாள் காலை, பனி உருகியதும், கெசயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக மேட்டில் ஏறினாள். அவள் தீர்மானித்துவிட்டாள். காலைத் தோண்டி எடுத்துக்கொண்டுபோய் வீட்டுப் பூசணிக்கொடிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டியது. பார்வையும் வேண்டாம், பள்ளத்தாக்கும் வேண்டாம். முதல் வெட்டு வெட்டினாள். கீழே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஆசகேல் ஏறி வந்துகொண்டிருந்தான். கால் போனதிலிருந்து அவன் அந்த மேட்டில் தானாக ஏறியதே இல்லை. அடக்கத்தன்றுகூட வண்டியில்தான் வந்தான். இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்து, மண் அப்பிய முகத்தோடு வந்து சேர்ந்தான்.

"எடுக்காதே" என்றான்.

"ஏன்?"

மூச்சு வாங்க, அவன் தரையில் உட்கார்ந்தான்.

"ஜேபெஸ் எப்படிப் போனான்னு உனக்குத் தெரியும்."

ஜேபெஸ் அவனுடைய தம்பி. அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் படைக்குப் போனவர்கள். "காய்ச்சல்ல. நீங்கதான் சொன்னீங்க" என்றாள் கெசயா.

"எங்க கிடக்கான்னு சொல்லலை." அவன் கையால் மண்ணைத் தடவிக்கொண்டே பேசினான். "நியூ ஜெர்சியில நடந்து போய்க்கிட்டிருக்கோம். பனின்னா பனி. தரை இரும்பு மாதிரி. மண்வெட்டி இறங்கலை. ரோட்டோரமா ஒரு வேலி பக்கத்துல படுக்க வச்சு, கிளையை ஒடிச்சுப் போட்டு மூடினேன். தம்பட்டக்காரனுக்குக் கை விறைச்சுப்போச்சு, அவன் அடிக்கலை. யாரும் ஒரு வார்த்தை வாசிக்கலை. நடங்கன்னாங்க. நடந்தோம். வெயில் காலத்துல லீவு வாங்கிக்கிட்டுத் தேடிப் போனேன் கெசயா. வேலியே இல்லை. விறகுக்கு எடுத்துட்டாங்க. எந்த இடம்னே தெரியலை."

கெசயா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள்.

"அந்தப் பெட்டியை இறக்கினப்ப, தம்பட்டம் அடிச்சப்ப, சுட்டப்ப... அவனுக்கு நடக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம்."

கெசயா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவன் கால் என்ன அளவு?" என்று கேட்டாள்.

"என் அளவுதான். ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடி பூட்ஸு. காவலுக்கு நிக்கிறவன் போட்டுக்குவான், மத்தவன் போர்வைக்குள்ள கிடப்பான்."

"கல்யாணம் ஆகலையே?"

"யாரு? ஜேபெஸுக்கா? மீசையே சரியா முளைக்கலை. யாரு பொண்ணு குடுப்பா?"

கெசயா பக்கத்திலிருந்த தேங்க்ஃபுல்லின் மண்குவியலைப் பார்த்தாள். காலின் குழிமேட்டைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசகேல் திருதிருவென்று விழித்தான். சிரிப்பினூடே எந்த இடத்தில் அழுகை வந்து சேர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இறங்குங்க. போதகர் கிளம்பறதுக்குள்ள பிடிக்கணும்."

போதகர் குதிரையில் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். கெசயா அவருக்கும் ஹாட்சுக்கும், கூடிய மற்றவர்களுக்கும் தன் தீர்ப்பைச் சொன்னாள். மேட்டில் கிடப்பது ஆசகேலின் கால் அல்ல. ஜேபெஸ் ப்ரூயிட் என்ற சிப்பாய், கல்யாணமாகாதவன். அவன் பக்கத்தில் ஒரு விதவை இருப்பதில் யாருக்கும் மான நஷ்டம் இல்லை.

"ஆனா அது ஜேபெஸ் இல்லையே" என்றான் ஹாட்ச்.

"ஒரே வயித்துல பொறந்த உடம்பு, ஒரே ரத்தம், ஒரே அளவு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்றாள் கெசயா. "இல்லை, எங்க வீட்டுக்காரர் கால்தான்னு சொல்றியா? அப்போ உங்க அக்கா விஷயத்தை மறுபடி முதல்லேர்ந்து பேசலாம்."

ஹாட்ச் அவசரமாக, "ஜேபெஸ்தான், ஜேபெஸ்தான்" என்றான்.

போதகர்தான் எல்லோரையும்விட மகிழ்ந்துபோனார். செத்தவன் செத்தவனாகவே இருந்தான்; வாசகத்தில் எதையும் விழுங்கவேண்டியதில்லை. அன்றைக்கே மேட்டில் நின்று முழு ஆராதனையையும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். 'நம்மை விட்டுப் பிரிந்துபோன நம் சகோதரன் ஜேபெஸ்' என்று வந்த இடத்தில் ஆசகேல் ஊன்றுகோலை நழுவவிட்டான். கெசயா அவன் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்து நின்றாள். கால் கட்சியும் அக்கா கட்சியும் தலைகுனிந்து நின்றன. யாரும் சிரிக்கவில்லை. ஹாட்ச் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தான். ஜெரூஷா ஒரு பலகையில் ஜேபெஸின் பெயரைச் செதுக்கி நட்டாள்.

ஹாட்சின் தொல்லை அதோடு தீர்ந்துவிடவில்லை. மறுவாரமே அவன் வாசலில் வந்து நின்றான்.

"மச்சான்!" என்றான்.

ஆசகேல் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. "யாரைய்யா மச்சான்ங்கிறே?"

"என் அக்கா உன் தம்பி பக்கத்துல. அப்போ நாம என்ன முறை? யோசிச்சுப் பாரு. அவளுக்கு அவன் ரொம்பப் பொடியன்தான். ஆனா நான் பெரிசு பண்ணலை."

"இன்னைக்கு இருந்தா அவனுக்கும் வயசாகியிருக்கும்ல" என்றான் ஆசகேல், தம்பியை விட்டுக்கொடுக்காமல்.

"அதான் நானும் சொல்றேன். சரி, கட்டை இழுக்க அந்த எருதைக் குடு மச்சான்."

"மச்சானுக்கு எருது கிடையாது" என்று உள்ளேயிருந்து கெசயா குரல் கொடுத்தாள். ஆனால் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு அது திரும்பி வர வெகு நாள் ஆயிற்று. சொந்தக்காரனிடம் எப்படித் திருப்பிக் கேட்பது?

காலில் அரிப்பு மட்டும் நிற்கவில்லை. வந்தால், "ஜேபெஸ் விரலை ஆட்டறான்" என்பான் ஆசகேல். ஆட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் யாரும் அங்கே தோண்டவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஆசகேல் ஹிக்கரி மரக் கட்டையில் ஒரு மரக்கால் செதுக்கிக்கொண்டான். அடி கூர்ந்து, முழங்காலில் தோல் வாரால் இறுக்கிக் கட்டுகிற கால். வீட்டுக்குள் நடந்தால் மண்தரையெல்லாம் ஓட்டை. கெசயா திட்டித் தீர்த்தாள். ஆனால் சோளம் விதைக்கிற காலம் வந்தபோது, எரித்த கட்டைகளுக்கு நடுவே அவன் ஒரு நடை நடந்துபோனான். அவள் பின்னாலிருந்து பார்த்தாள். ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு குழி. சோளம் போடவேண்டிய ஆழத்தில், விடவேண்டிய இடைவெளியில். அவள் விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழிக்கு நாலு சோளம் போட்டுப் பாதத்தால் மூடிக்கொண்டே பின்னால் நடந்தாள்.

"நேராப் போங்களேன்" என்றாள் கொஞ்ச தூரம் போனதும். "வரிசை ஓடைப் பக்கம் சாயுது."

"நான் நேராத்தான் போறேன். நிலம்தான் சாயுது."

"நிலம் எப்படிச் சாயும்? எதுக்கெடுத்தாலும் ஒரு பதில்."

"அப்போ நீ முன்னால நட, நான் பின்னால வரேன்."

"நான் முன்னால நடந்தா குழி யாரு போடறது?"

அவன் அதற்குப் பதில் தேடிக்கொண்டே நடந்ததில் வரிசை இன்னும் வளைந்தது. அவள் விதையைப் போட்டுக்கொண்டே போனாள்.